அச்சேறிய ஓவியம்

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளில், பூக்கடைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் இடையே படக்கடைகள் சில உள்ளன. கண்ணாடி பொருத்திச் சட்டம் அடித்த தெய்வப் படங்கள் அவற்றின் சுவர்களை மறைத்துத் தொங்குகின்றன. தாமரைமேல் நிற்கும் திருமகளையும், வீணை ஏந்திய கலைமகளையும், மயிலோடு நிற்கும் முருகனையும் அங்கே காணாதவர் யார்? ஆனால், அப்படங்களை எழுதிய கை எவருடையது என்று கடைக்காரரைக் கேட்டவர் எத்துணைப் பேர்? செய்யுளைப் படித்தால் அதனைப் பாடிய புலவர் பெயரைக் கேட்கிறோம். இசைத்தட்டைக் கேட்டால் பாடியவர் யாரென அறிய விழைகிறோம். நாள்தோறும் விளக்கேற்றி வணங்கும் படத்தை எழுதியவரைப் பற்றி மட்டும் நாம் வினவுவதில்லை.

ஓவியத்தை அச்சேற்றிப் பல்லாயிரமாகப் பெருக்கும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றிய வரலாற்றை ஆராய்ந்தால், அதில் மயிலாப்பூரோடு தொடர்புடைய இருவரைக் காணலாம். ஒருவர் அதற்கு முதல் தூண்டுதல் அளித்தவர். மற்றொருவர் அதனைத் தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கெல்லாம் கொண்டு சென்றவர்.

முன்னவர், இராஜா சர் த. மாதவராவ். இவர் 1828-இல் கும்பகோணத்தில் பிறந்து, சென்னையில் கல்வி பயின்று, திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று அரசுகளிலும் திவானாக விளங்கியவர். 1882-இல் பரோடாப் பணியிலிருந்து விலகிச் சென்னைக்கு மீண்டு, 1891-இல் மயிலாப்பூரில் காலமானார். இவர் மதித்துப் போற்றிய ஓவியர் ஒருவர் உண்டு. கிளிமானூரில் 1848-இல் பிறந்த இரவிவர்மாவே அவர். 1873-இல் சென்னையில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில் ஆளுநரின் பொற்பதக்கத்தைப் பெற்றதிலிருந்து இரவிவர்மாவின் புகழ் ஓங்கத் தொடங்கியது. மன்னரும் செல்வரும் அவருடைய படங்களை வேண்டிக் காத்திருந்தனர். எண்ணெய் வண்ணத்தில் எழுதும் ஓவியம் ஓரிரு நாட்களில் முடிவதன்று. ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே அதன்மேல் அடுத்த பூச்சு ஏறும். இரண்டு கைகளே உடைய ஒருவர் எத்துணைப் பேர்க்கு எழுதித் தர இயலும்? இதனைக் கண்ட மாதவராவ், தேர்ந்தெடுத்த சில ஓவியங்களை ஐரோப்பாவிற்கு அனுப்பி வண்ண அச்சில் பதிப்பித்து வருமாறு இரவிவர்மாவுக்கு எழுதினார். அவ்வாறு செய்தால் ஓவியரின் புகழும் பரவும். நாட்டிற்கும் நலம் விளையும் என்பது அவர் கருத்து.

இரவிவர்மா அக்கருத்தை ஏற்றார். ஆனால், ஐரோப்பாவிற்குப் படங்களை அனுப்புவதோடு அமையவில்லை. அச்சகத்தையே இந்நாட்டில் நிறுவினார். 1894-இல் பம்பாயில் அவருடைய அச்சகம் தொடங்கப் பெற்றது. எந்திரங்களும் அவற்றை இயக்கும் வல்லுநரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். முதலில் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பு. பின்னர் இலக்குமி, கலைமகள் முதலிய படங்கள் வெளிவந்து நாடெங்கும் பரவின.

அக்காலத்து வண்ண அச்சு எவ்வாறு நடைபெற்றது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று. அலாய்ஸ் செனபெல்டர் என்னும் ஜெர்மானியர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்த கல்லச்சு முறையே அது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைவர். பின்னர்க் கல்லை நீரால் நனைப்பர். வரையாத இடம் நீரை ஏற்கும். வரைந்த இடம் நீரை விலக்கும். அதன்மேல் அச்சு மையை உருட்டினால், நீருள்ள இடத்தில் மை ஒட்டாது. வரைந்த இடத்தில் மட்டுமே ஒட்டும். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்று நாம் அடுக்களையில் காணும் எளிய உண்மையே இக்கலையின் அடிப்படை. ஆனால், ஒரு கல் ஒரு நிறத்தையே தரும். சிவப்புக்கு ஒரு கல், மஞ்சளுக்கு ஒரு கல், உடல் நிறத்தின் மெல்லிய சாயைகளுக்குத் தனித்தனிக் கற்கள் என ஒரு படத்திற்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்பட்டன. ஒவ்வொரு தாளும் அத்தனை கற்களின்மீதும் முறையே படிந்து வரவேண்டும். ஒரு கல்லில் தாள் மயிரிழை விலகினாலும் திருமகளின் இதழ்ச் சிவப்பு கன்னத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இறுதியில் எண்ணெய் ஓவியம் போலத் தோன்றுமாறு மெருகு பூசுவர்.

ஆகவே, அச்சிடுதல் என்பது விசையைத் திருப்பிவிட்டு வாளா இருக்கும் வேலையன்று. இரவிவர்மாவின் ஒரே ஓவியத்தைப் பத்துப் பன்னிரண்டு நிறங்களாகப் பிரித்துக் கல்லில் மீண்டும் வரைந்தோர் பலர். அவர்தம் பெயர்கள் படத்தின் எந்த மூலையிலும் இடம் பெறவில்லை.

வாணிகத்தில் இரவிவர்மா வெற்றி பெற்றார் என்று கூறுதற்கில்லை. கடன் பெருகியது, பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அச்சகம் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மலவ்லிக்கு மாற்றப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்குப் பணியாற்றிய ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியருக்கே அது விற்கப்பட்டது. 1906-இல் இரவிவர்மா மறைந்த பின்னரும் பல்லாண்டுகள் இயங்கிய அவ்வச்சகம் 1972-இல் தீக்கு இரையாயிற்று.

இப்படங்களால் விளைந்த பயன் யாது? அழகுணர்ச்சி பரவியது என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால், அதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. அக்காலத்தில் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் பெருங்கோயில்களுள் நுழைதல் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்தனர். திருவிதாங்கூரில் 1936-இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாயிற்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939-இல் அத்தடை தகர்க்கப்பட்டது. சென்னை மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1947-இல் வந்தது. அதற்கு முன்னர், கருவறைத் தெய்வத்தைக் காணும் பேறு அவர்களுக்கு எங்கே கிட்டியது? அச்சிட்ட தாளோ எவர் வீட்டிற்கும் சென்றது. அத்தாளை வாங்குவதற்குக் குலம் கேட்பாரில்லை. சில காசுகள் இருந்தாற் போதும். கல்லில் வடித்த கடவுள் கோயிலுக்குள் இருக்க, கல்லில் அச்சிட்ட கடவுள் குடிசைக்குள் வந்தார். ஓவியக் கலையின் நுட்பங்களை ஆராய்வோர் இச்செய்தியைப் பெரும்பாலும் கூறாது விடுகின்றனர். அஃது எமக்குக் குறையாகவே தோன்றுகிறது.

எனினும், அறிஞர் பலர் இப்படங்களைக் கடிந்தனர். ஆனந்த குமாரசாமி போன்றோர், இரவிவர்மாவின் உருவங்களில் இந்திய ஓவிய மரபின் உயிர் இல்லை என்றும், அவை மேனாட்டு நாடக மேடையை நினைவூட்டுகின்றன என்றும் கருதினர். அக்குற்றச்சாட்டில் உண்மை அறவே இல்லை எனல் பொருந்தாது. அஜந்தாவின் கோடுகளையும் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களையும் கண்ட கண்ணுக்கு, அச்சுப் படங்களின் பளபளப்பு சற்றே கூசத்தான் செய்யும்.

இனி, மயிலாப்பூரின் மற்றொருவரைக் காண்போம். அவர் சி. கொண்டையராஜு. 1898-இல் மயிலாப்பூரில் பிறந்த இவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். அப்பள்ளி, அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் 1850-இல் தொடங்கப் பெற்றது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குவது அதுவே. பிற்காலத்தில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் கே. சி. எஸ். பணிக்கரும் தலைமை தாங்கிய அப்பள்ளியிலிருந்து புதுமை ஓவியர் பலர் தோன்றினர். பணிக்கர் முதலானோர் 1966-இல் அடையாற்றுக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்ததும் நாம் அறிந்ததே. ஒரே பள்ளி நாட்காட்டி ஓவியரையும் ஈன்றது. நாட்காட்டி ஓவியத்தை விரும்பாத புதுமையாளரையும் ஈன்றது!

கொண்டையராஜு கற்ற கலையைக் கொண்டு உடனே பொருளீட்ட முற்படவில்லை. துறவுள்ளம் கொண்டு திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார். பின்னர் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து திரைச்சீலைகள் எழுதினார். அந்நாளைய நாடகங்களில் அரண்மனை, காடு, கயிலை, கடல் என்று காட்சிக்குக் காட்சி படுதா இறங்கும். தொலைவில் அமர்ந்திருப்போர்க்கும் தெளிவாகத் தெரியுமாறு அவற்றை எழுத வேண்டும். நிறம் மங்கலாக இருத்தல் கூடாது. உருவம் ஒன்றோடொன்று குழம்புதல் கூடாது. இப்பயிற்சி பின்னாளில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

1942-இல் அந்நாடகக் குழு கோவில்பட்டியில் கலைந்தது. ஊர் ஊராகச் சுற்றிய குழுவினர் தத்தம் வழியே சென்றனர். கொண்டையராஜு அவ்வூரிலேயே தங்கிவிட்டார். மணம் புரியாத அவருக்கு மாணவர்களே குடும்பம் ஆயினர். டி. எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் முதலிய இளைஞர்கள் அவரிடம் கற்றனர். தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்னும் பெயரில் ஓவியக்கூடம் ஒன்று எழுந்தது. ஒரு படத்தில் முகத்தை ஒருவர் எழுதுவார்; ஆடையையும் அணிகலன்களையும் மற்றொருவர் எழுதுவார்; பின்னணி மலையும் மண்டபமும் வேறொருவர் கையில் உருவாகும். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து கையொப்பமிட்ட படங்களும் உண்டு. நான் எழுதினேன் என்று தருக்குதற்கு அங்கே இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

கோவில்பட்டிக்கு அண்மையிலேயே சிவகாசி இருந்தது அக்கலைக்கு வாய்த்த நற்பேறு. 1920-களில் அங்குத் தீப்பெட்டித் தொழில் தோன்றியது. தீப்பெட்டி என்றால் அதன்மேல் ஒட்டுவதற்குச் சீட்டு வேண்டும்; சீட்டுக்குப் படம் வேண்டும்; படத்திற்கு அச்சகம் வேண்டும். இவ்வாறு தீக்குச்சியைத் தொடர்ந்து அச்சுத் தொழிலும் அவ்வறண்ட நிலத்தில் வேர்விட்டது. காற்றில் ஈரம் மிகுந்தால் தாள் நீளும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தா. மழை குறைந்த சிவகாசியில் அத்தொல்லை குறைவு. உழவனுக்குப் பகையான வறட்சி அச்சகத்தாருக்கு நட்பாயிற்று. கல்லச்சு போய், உலோகத் தகட்டிலிருந்து இரப்பர்ப் போர்வைக்கும் அதிலிருந்து தாளுக்கும் மை மாறும் ஆப்செட் முறை வந்தபின், ஒரே படத்தை இலட்சக்கணக்கில் அச்சிடுதல் எளிதாயிற்று.

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசியில் வரும் ஆண்டிற்கான நாட்காட்டி மாதிரிப் புத்தகங்களை வெளியிடுவது வழக்கம். முகவர்கள் அவற்றைச் சுமந்துகொண்டு ஊர்தோறும் கடைதோறும் செல்வர். தியாகராய நகரின் துணிக்கடைக்காரரும், மயிலாப்பூரின் நகைக்கடைக்காரரும், சிற்றூரின் உரக்கடைக்காரரும் அதே புத்தகத்தைப் புரட்டித் தமக்கு வேண்டிய தெய்வத்தைத் தெரிந்துகொள்வர். படத்தின் கீழே கடையின் பெயர் அச்சாகும். தை பிறக்கும் முன்னரே அப்படங்கள் வாடிக்கையாளர் வீட்டுச் சுவர்களில் ஏறிவிடும். விலை ஒன்றும் இல்லை.

இரவிவர்மாவின் படங்களையும் கொண்டையராஜுவின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு ஒன்று புலனாகும். இரவிவர்மாவின் மாந்தர் பெரும்பாலும் தமக்குள்ளே ஏதோ கதை நிகழ்த்திக் கொண்டிருப்பர். சகுந்தலை காலில் தைத்த முள்ளை எடுப்பவள் போலத் திரும்பி நோக்குவாள். தமயந்தி அன்னத்தோடு பேசுவாள். நாம் மறைந்து நின்று பார்ப்போம். கொண்டையராஜுவின் தெய்வங்களோ நேரே நம்மைப் பார்க்கின்றன. கண்கள் அகன்று, முகம் முழுநிலவாய், கை அருள் காட்டி நிற்கும். பின்னால் நாடகப் படுதாவைப் போல மலையும் குளமும் கோபுரமும் விளங்கும். கலைக்கூடத்தில் தொங்குவதற்கன்றி, விளக்கின் முன்னே வைத்து வணங்குவதற்கு எழுதிய படங்கள் அவை. அவற்றைக் கலைக்கூடத்து அளவுகோலால் அளந்து, ஆழமில்லை என்று தள்ளுதல் நேர்மையாகுமா?

இவ்வாறு கோவில்பட்டியில் படங்கள் உருவாகிச் சிவகாசியில் பெருகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வேறொருவர் படத்தைப் பெருக்குதலையே தம் கலையாக்கிக் கொண்டார். அவர் ஆண்டி வார்ஹோல். 1928-இல் பிட்ஸ்பர்க் நகரில், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் காலணி முதலிய பொருள்களுக்கு விளம்பரப் படம் வரைந்து பிழைத்தார். 1962-இல் கடைகளில் விற்கும் சூப்பு டப்பாக்களை 32 ஓவியங்களாகக் கையால் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். கடைப் பொருளை ஓவியமாக்கியதைக் கண்டு பலர் நகைத்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் நடிகை மர்லின் மன்றோ இறந்தார். அவருடைய திரைப்பட விளம்பர நிழற்படம் ஒன்றைக் கொண்டு, பட்டுத்திரை அச்சு முறையில் அம்முகத்தைத் திரும்பத் திரும்பப் பதித்தார் வார்ஹோல். அவற்றுள் ஒரு படத்தில் ஒரே முகம் ஐம்பது முறை வருகிறது. ஒரு பாதியில் கண்ணைப் பறிக்கும் நிறங்கள். மறு பாதியில் வெறுங் கறுப்பு, வரிசை செல்லச் செல்ல மங்கி மறைகின்றது. செய்தித்தாளும் திரைப்படமும் ஒரு பெண்ணின் முகத்தை எத்துணை முறை அச்சிட்டு அச்சிட்டுத் தேய்த்துவிட்டன என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

பட்டுத்திரை அச்சு நமக்குப் புதியதன்று. மாணவர்களே, உங்கள் விளையாட்டு விழாப் பனியனில் உள்ள எண்ணையும், உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழில் பொன்னிறத்தில் மின்னும் பிள்ளையாரையும் உற்று நோக்கியதுண்டா? அவற்றுள் பல, 'ஸ்கிரீன் பிரிண்டிங்' என்று நாம் வழங்கும் அம்முறையால் ஆனவையே. இராயப்பேட்டை, திருவல்லிக்கேணிப் பகுதிகளின் சந்துகளில் ஒரு சிற்றறையும் ஒரு மேசையும் கொண்டு இத்தொழிலை நடத்துவோர் உள்ளனர். மரச்சட்டம் ஒன்றில் நுண்ணிய வலைத் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டுவர். முற்காலத்தில் அது பட்டு; இக்காலத்தில் பாலியெஸ்டர் அல்லது நைலான். அதன்மேல் ஒளிபட்டால் இறுகும் பசையை இருட்டறையில் பூசி உலர்த்துவர். படம் பதிந்த ஒளிபுகு தாளை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டினால், ஒளிபட்ட இடம் இறுகும்; படத்தின் கறுப்பு மறைத்த இடம் இறுகாது. நீரால் கழுவும்போது இறுகாத பசை கரைந்துபோய், அவ்விடத்தில் மட்டும் வலையின் கண்கள் திறந்து நிற்கும். சட்டத்தைத் தாளின்மேல் வைத்து, மையை ஊற்றி, இரப்பர்ப் பட்டையால் ஒரே சீராக இழுத்தால், திறந்த கண்களின் வழியே மை இறங்கிப் படம் விழும். அடுத்த நிறத்திற்கு அடுத்த சட்டம். நம் வாயிலில் மாவை நிரப்பி உருட்டும் கோல அச்சும் ஏறக்குறைய இத்தகையதே; துளை உள்ள இடத்தில் மாவு விழுகிறது, இல்லாத இடத்தில் விழுவதில்லை.

கை அழுத்தம் சற்றே மாறினாலும் மை கூடும் அல்லது குறையும். அழைப்பிதழ் அச்சிடுவோர் அவ்வாறு கெட்ட தாளைக் கசக்கி எறிந்துவிடுவர். வார்ஹோலோ அதனை எறியவில்லை. மை திட்டுத் திட்டாய் நின்றதையும், உதட்டு நிறம் உதட்டைவிட்டு விலகியதையும் அவ்வாறே விட்டார். எந்திரத்தைப் போல ஆக விரும்புவதாகச் சொல்லிக்கொண்டவரின் படங்களில், எந்திரத்துக்கு இல்லாத பிழைகளே உயிராக நிற்கின்றன. அவருக்கும் உதவியாளர் பலர் இருந்தனர். தம் பணிக்கூடத்தைத் தொழிற்சாலை என்றே அவர்கள் அழைத்தனர். கோவில்பட்டிக் கூடத்தை எண்ணும்போது, இரண்டிற்கும் உள்ள ஒற்றுமை வியப்பளிக்கிறது. ஆனால், நியூயார்க்கில் ஒருவர் பெயரே ஓங்கி நின்றது.

ஓர் ஓவியரின் இளமை முதல் இறுதி வரையுள்ள படைப்புகளைத் திரட்டி ஓரிடத்தில் காட்டுவதைப் பின்னோக்குக் கண்காட்சி என்பர். வார்ஹோலுக்கு அத்தகைய கண்காட்சிகள் பல நிகழ்ந்துள்ளன. 1968-இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகர அருங்காட்சியகம், அவர் திரை அச்சில் செய்த பசுத் தலைத் தாள்களைத் தன் வெளிச்சுவரில் ஒட்டி வரவேற்றது. சுவரில் ஒட்டும் தாளும் கலையே என்று அருங்காட்சியகமே ஒப்புக்கொண்ட நாள் அது. 1987-இல் அவர் மறைந்தார். ஈராண்டுகள் கழித்து நியூயார்க் புதுமைக் கலை அருங்காட்சியகமும், 2018-இல் அந்நகரின் விட்னி அருங்காட்சியகமும் பெருங்கண்காட்சிகளை நடத்தின. அவர் 1964-இல் செய்த மர்லின் படம் ஒன்று 2022-இல் ஏலத்தில் 19 கோடியே 50 இலட்சம் டாலருக்கு விற்பனையாயிற்று. ஒரே முகத்தைப் பலவாக அச்சிட்டவரின் படங்களுள் ஒன்றுக்கு இவ்விலை!

கொண்டையராஜு 1976-இல் கோவில்பட்டியில் காலமானார். அவருக்கு ஒரு பின்னோக்குக் கண்காட்சியை நாம் அமைப்பதாகக் கொள்வோம். சுவரில் எதனை மாட்டுவது? அவர் தம் கையால் எழுதிய மூல ஓவியத்தையா? அது அச்சகத்துக்குச் செல்வதற்காக எழுதியது. விதை நெல்லைப் போன்றது. விளைந்த பின் விதையை யாரும் பாதுகாத்து வைப்பதில்லை. அப்படியாயின், நாட்காட்டியை மாட்டுவோமா? எந்த நாட்காட்டியை? கும்பகோணத்து வெற்றிலைக் கடையின் பெயர் தாங்கியதையா, சென்னைத் துணிக்கடையின் பெயர் தாங்கியதையா? கடைப் பெயரை வெட்டிவிட்டு மாட்டினால், அப்படம் எவ்வாறு வாழ்ந்தது என்னும் செய்தி போய்விடும். வெட்டாமல் மாட்டினால், அது கலையா விளம்பரமா என்று வருவோர் வினவுவர். வார்ஹோலுக்கு இத்தொல்லை இல்லை. அவருக்கு அச்சே மூலம், எண்ணிக்கையும் சிறிது, ஒவ்வொன்றும் கலைக்கூடத்துக்கென்றே பிறந்தது. கொண்டையராஜுவின் படமோ வீட்டுக்கென்று பிறந்தது.

எம் கருத்தில், அக்கண்காட்சியில் மாட்டுதற்கு உரியது வீட்டில் இருந்து பழகிய படமே. ஓரத்தில் சாம்பிராணிப் புகை படிந்து, நெற்றியில் குங்குமம் ஒட்டி, கண்ணாடிக்குள் வண்டு துளைத்த ஒரு முருகனைத் தேடிக் கொணர்தல் வேண்டும். அதனருகே மூல ஓவியம் கிடைத்தால் வைக்கலாம். அச்சகத்து உலோகத் தகட்டையும், நான்கு நிறங்கள் தனித்தனியே விழுந்த சோதனைத் தாள்களையும், முகவர் சுமந்த மாதிரிப் புத்தகத்தையும் வைக்கலாம். அவற்றைத் தேடுதற்குக் காலம் மிகுதியாக இல்லை. இலட்சக்கணக்கில் அச்சான பொருளே விரைவில் அழிகிறது. எல்லோரிடமும் உள்ளது என்று எண்ணி எவரும் அதனைப் போற்றுவதில்லை. ஒற்றை ஓவியத்துக்குக் காவலர் உண்டு. நாட்காட்டிக்குக் கரையானே உண்டு.

ஆண்டு முடிந்ததும் நாட்காட்டிக்கு என்ன நேர்கிறது என்பதைக் காண்போம். தேதித் தாள்கள் தீர்ந்தபின் சிலர் படத்தைத் தனியே எடுத்துச் சட்டம் அடிக்கக் கொடுக்கின்றனர். சட்டத்தின் அளவுக்கு அடங்குமாறு கடைக்காரர் கீழ் விளிம்பைக் கத்தியால் சீவுகிறார். கடைப் பெயர் போகும். சிலவேளை, மூலையில் சிறிதாக எழுதிய ஓவியர் கையொப்பமும் உடன் போகும். தெய்வப் படத்தைக் குப்பையில் எறிய மனமில்லாதோர் அரசமரத்தடியில் சாய்த்து வைத்து வருகின்றனர். எஞ்சிய தாள்கள் பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. வழவழப்பான வெண்மைப் புறத்தை வெளியே வைத்துப் புத்தகத்துக்கு அட்டை போட்டு, அதன்மேல் தம் பெயரையும் வகுப்பையும் எழுதிக்கொள்கின்றனர். படம் உட்புறம் இருக்கிறது.